தளவானூரில் ஒரு கணக்கு

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் பலர். இராசகிரியின் உச்சிவரை ஏறி நின்று, மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்த மன்னரின் துணிவை வியந்து, கலியாண மகாலையும் களஞ்சியங்களையும் பார்த்துவிட்டு அவர்கள் ஊர் திரும்புவர். 2025 ஆம் ஆண்டில் அக்கோட்டை உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் இடம் பெற்றது. மராட்டியரின் படைத்திறத்தை விளக்கும் 12 கோட்டைகளை ஒரு தொகுதியாகக் கொண்டு அச்சிறப்பு வழங்கப்பெற்றது. அவற்றுள் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று நம் செஞ்சியே.

ஆயினும், செஞ்சிக்குத் தெற்கே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள தளவானூர் என்னும் சிற்றூரை நாடிச் செல்வோர் மிகச் சிலர். அங்கே ஒரு சிறு குன்று உண்டு. பஞ்ச பாண்டவர் மலை என்பது அதன் பெயர். பாண்டவர் ஐவரும் வந்து தங்காத குன்று நம் நாட்டில் அரிது போலும்! அக்குன்றின் தென்முகத்தைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குகைக் கோயில் எடுப்பித்தான். 'பகைவரை வெல்லும் மல்லன்' என்னும் பொருள்படச் சத்துருமல்லன் என்பது அவன் பூண்ட விருதுப் பெயர்களுள் ஒன்று. அதனால் அக்கோயில் சத்துருமல்லேசுவரம் எனப்பட்டது. இச்செய்தியைக் குகையில் உள்ள கல்வெட்டுகளே தெரிவிக்கின்றன. அவற்றுள் ஒன்று வடமொழியிலும் மற்றொன்று தமிழிலும் அமைந்துள்ளன.

முகப்பில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. இரு மருங்கிலும் பாறையோடு ஒட்டிய அரைத்தூண்கள் இரண்டு உள்ளன. நடுத் தூண்களுக்கிடையே மகர தோரணம் ஒன்று கல்லிலேயே வளைந்து தொங்குகிறது. மேலே கூடுகள் அமைந்த கொடுங்கை. இரு கோடியிலும் வாயிற்காவலர். உள்ளே புகுந்தால், நாம் நேரே எதிர்பார்க்கும் இடத்தில் கருவறை இல்லை. அது மேற்குச் சுவரில் குடையப்பெற்றுக் கிழக்கு நோக்கி நிற்கிறது. தூண்களின் வடிவத்தை மட்டும் ஈண்டுச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அடிப்பகுதி சதுரம், மேற்பகுதியும் சதுரம், இடைப்பகுதி எட்டுப் பட்டை. மகேந்திரன் காலத்துத் தூண்களுக்கு இவ்வமைப்பே பெரும்பாலும் அடையாளம். நான் சொல்லப் போகும் செய்தி முழுவதும் அந்த எட்டுப் பட்டையைச் சுற்றி நிகழ்ந்தது.

தளவானூருக்கு அணித்தே மண்டகப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குகையின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி விசித்திரசித்தன் அக்கோயிலை அமைத்தான் என்று அறிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பதும் மகேந்திரனுக்கு உரிய பெயரே. அதனைப் படிப்போர் அஃது ஓர் அரசனின் பெருமிதம் என்று எண்ணி மேலே செல்வர். எனக்கோ அது தீர்க்கப்பட்ட ஒரு புதிரின் குறிப்பாகத் தோன்றும். மரம் இற்றுப்போகும், செங்கல் பெயரும், உலோகம் துருவேறும், சுண்ணாம்பு உதிரும். இவை இல்லாமல் ஒரு கோயில் வேண்டும். என் செய்வது? இவ்வினா எழுந்த பிறகே உளி மலையின்மேல் பட்டது.

அவ்வுளியைப் பிடித்தவர்கள் அவ்வேலையை எங்கே கற்றார்கள்? கட்டடம் கட்டுவோன் கீழிருந்து மேலே செல்கின்றான்; தவறினால் பிரித்துக் கட்டுகின்றான். குடைவோனுக்கு அவ்வசதி இல்லை. ஒருமுறை எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட இயலாது. தூண் நிற்க வேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை நீக்க வேண்டும். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குகைகள் சில உள்ளன. முற்றுப்பெற்றவற்றைக் காட்டிலும் கற்பவனுக்கு அவையே உதவுகின்றன என்பது என் கருத்து. பாறையின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் காடிகள் வெட்டி, இடையே எஞ்சும் சதுரக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பெயர்த்து உள்ளே சென்ற முறை அங்கே இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. முடிந்த வேலை நமக்கு விடையைக் காட்டுகிறது. முடியாத வேலை வழியைக் காட்டுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவர் முப்பதின்மரை நான் தளவானூருக்கு அழைத்துச் சென்றேன். வரலாற்றுப் பாடத்துக்காகச் சென்றோம். நான் கற்பிப்பதோ கணக்கு. எண்கோணத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தவன் நான். ஒழுங்கான எண்கோணத்தின் ஒவ்வோர் உட்கோணமும் 135 பாகை என்பதை என் மாணவர் உறக்கத்திலும் ஒப்பிப்பர். அந்த விடைக்கு நான் தவறாமல் மதிப்பெண் இட்டு வந்தேன். அவர்களுள் ஒருவருக்கேனும் ஓர் எண்கோணத்தைச் செய்யத் தெரியுமா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இஃது என் குறை. அதனை மறைப்பதில் பயன் இல்லை.

அன்று வந்தவர்களுள் ஒரு மாணவன் கல்தச்சர் ஒருவரின் மகன். அவனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஆசிரியர் அனைவரும் முடிவு கட்டியிருந்தோம். அவனும் அவ்வாறே முடிவு கட்டியிருந்தான் என்பதுதான் கொடுமை. அவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் அவனைத் தம்முடன் வேலைக்கு அழைத்துக்கொள்ளப் போவதாக அவன் தந்தையார் பள்ளிக்கு வந்து சொல்லிச் சென்றிருந்தார். கல்தச்சு வேலை இழிவானதன்று. தளவானூர்க் குகையின்முன் நின்றுகொண்டு அங்ஙனம் கூறுவோன் அறிவிலி. ஆயினும், 'எனக்கு அறிவில்லை' என்னும் எண்ணத்தை மட்டும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை பள்ளியை விட்டுச் செல்வது வேறு செய்தி.

குகையைப் பார்த்து முடித்து வெளியே மர நிழலில் அமர்ந்தோம். தூணின் இடைப்பகுதியை எட்டுப் பட்டையாக எப்படிச் செய்திருப்பார்கள் என்று ஒரு மாணவி வினவினாள். சதுரத்தின் மூலைகளைச் சீவினால் எட்டுப் பட்டை வரும் என்று நான் விடை கூறினேன். எவ்வளவு சீவ வேண்டும் என்று அவள் மீண்டும் வினவினாள். எனக்குச் சட்டென்று விடை தோன்றவில்லை. அந்நிலையில் ஆசிரியர் வழக்கமாகச் செய்வதையே நான் செய்தேன்: "நீங்களே கண்டுபிடியுங்கள்" என்றேன்! சோம்பலால் சொன்ன சொல்தான்; ஆனால் அன்றைய பொழுதை அதுவே நடத்திற்று.

குகை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் தூணில் ஒரு கோடும் இழுக்கலாகாது. ஆகவே மணலில் இரண்டு அடிப் பக்கமுள்ள சதுரம் ஒன்று வரைந்தோம். கருவிகள் ஒரு கயிறு, ஒரு குச்சி, ஓர் அடிக்கோல். எட்டுப் பக்கங்களும் ஒரே அளவாக அமைதல் வேண்டும் என்பது நிபந்தனை.

முதலில் வந்த வழி, எவருக்கும் முதலில் தோன்றும் வழியே. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று சமபாகமாக்கி, எட்டு எட்டு அங்குலம் விட்டு மூலைகளைச் சீவினார்கள். கண்ணுக்கு எண்கோணம் போன்றே இருந்தது. அளந்து பார்த்தபோது நேர்ப்பக்கம் 8 அங்குலம். மூலைப் பக்கமோ 11 அங்குலத்துக்கும் சற்று மிகுதி. சாய்ந்து செல்லும் கோடு நேர்க்கோட்டினும் நீளும் என்பதை எட்டாம் வகுப்பிலேயே பித்தகோரசு தேற்றமாகப் படித்தவர்கள் அவர்கள். படித்தது அப்போதுதான் அவர்கள் காலில் இடறிற்று.

மூலையை மிகுதியாகச் சீவிவிட்டோம் என்று உணர்ந்தவர்கள் அடுத்து நான்கு பாகமாக்கிப் பார்த்தார்கள். 6 அங்குலம் சீவினால் மூலைப் பக்கம் எட்டரை, நேர்ப்பக்கம் 12. இப்போது குறைவாகச் சீவியாயிற்று. ஆக, எட்டும் அன்று, ஆறும் அன்று. விடை இரண்டுக்கும் இடையில் உள்ளது. இவ்விரண்டு தவறுகளையும் நான் பெரிதும் மதிக்கிறேன். கரும்பலகையில் நான் எழுதிப் போட்டிருந்தால் மாணவர்க்கு விடை ஒன்று கிடைத்திருக்கும். விடை எந்த எல்லைக்குள் ஒளிந்திருக்கிறது என்னும் உணர்வு கிடைத்திராது.

அப்பொழுதுதான், அதுகாறும் பின்னே நின்றிருந்த கல்தச்சரின் மகன் மெல்ல, "ஏழு" என்றான். எவ்வாறு தெரியும் என்று கேட்டேன். இரண்டடிக் கல்லுக்கு ஏழு அங்குலம் விட வேண்டும் என்று தன் அப்பா சொல்வார் என்றான். அளந்தோம். 7 அங்குலம் சீவினால் நேர்ப்பக்கம் 10. மூலைப் பக்கம் பத்துக்குப் பத்தில் ஒரு பங்கே குறைவு. உளி முனையின் தடிப்பும் அதனினும் மிகுதி. பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வாண்டில் வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

கதையை இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை இங்கே நிற்கவில்லை. கல் இரண்டரை அடி இருந்தால் எவ்வளவு விடுவது என்று அவனையே கேட்டேன். 6 அங்குலம் கூடுதல், அதில் பாதி 3, ஏழும் மூன்றும் பத்து என்றான். வரைந்து பார்த்தோம். 30 அங்குலத்தில் இரு புறமும் பத்துப் பத்துப் போனால் நடுவில் எஞ்சுவது 10, மூலையோ 14. பழைய மூன்று பாகத் தவறே வேறு வேடத்தில் வந்து நின்றது! அவன் முகம் வாடிற்று. கைப்பழக்கம் அவனுக்கு ஓர் எண்ணைக் கொடுத்திருந்தது. அந்த எண் எங்கிருந்து பிறந்தது என்பதைக் கொடுக்கவில்லை.

வினாவைத் தொடங்கிய மாணவி, சதுரத்தின் மூலைவிட்டத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். 24 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 34. அதில் பாதி 17. இருபத்து நான்கிலிருந்து பதினேழு போனால் ஏழு. "ஏழு இங்கே இருக்கிறது" என்று அவள் கூவினாள். அதற்குமேல் அவளுக்கும் வழி தெரியவில்லை. கயிற்றை எடுத்தவன் கல்தச்சர் மகன். கயிற்றின் ஒரு நுனியைச் சதுரத்தின் மூலையில் ஊன்றி, மறு நுனியை நடுப்புள்ளி வரை நீட்டிப் பிடித்து, அதே நீளத்தைப் பக்கத்தின்மேல் திருப்பி வைத்தான். நான்கு மூலையிலிருந்தும் அவ்வாறே செய்ய, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு புள்ளிகள் விழுந்தன. எட்டுப் புள்ளிகளையும் சேர்த்தபோது எண்கோணம் அமைந்தது. அடிக்கோல் வேண்டியதில்லை, எண்ணும் வேண்டியதில்லை. இரண்டரை அடிக் கல்லுக்கு அதே கயிறு எட்டே முக்கால் அங்குலம் காட்டிற்று. கல் எந்த அளவினதாயினும் கயிறு சரியான இடத்தைக் காட்டும். ஏன் காட்டும் என்பதை மறுநாள் வகுப்பில் அனைவரும் சேர்ந்து நிறுவினோம். அந்நிறுவலுக்கு வேண்டியது இரண்டின் வர்க்கமூலம் ஒன்றே. அதனை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள், எதற்கு என்பதை அறியாமல்.

இவ்வாறு ஓர் இடர்ப்பாட்டில் தொடங்கி அறிவு வளர்கிறது என்பதை ஒரு தத்துவமாகவே நிறுவியவர் அமெரிக்க நாட்டு அறிஞர் ஜான் டூயி. அவர் 1859 இல் வெர்மாண்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில் பிறந்தார்; 1952 இல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1896 ஆம் ஆண்டு, சிறு பிள்ளைகளுக்கெனச் சோதனைப் பள்ளி ஒன்றை அங்கே தொடங்கினார். அப்பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்க அவர் கடை கடையாக அலைந்தார். பிள்ளைகளுக்கு ஏற்றவை கிடைக்கவில்லை. முடிவில் ஒரு கடைக்காரர், பிள்ளைகள் வேலை செய்வதற்கான இருக்கைகளை அவர் தேடுகிறார் என்பதையும், கடையில் இருப்பவை அனைத்தும் கேட்டுக்கொண்டிருப்பதற்கானவை என்பதையும் எடுத்துச் சொன்னாராம். பள்ளிகளின் நோயை ஒரு தச்சுச் சாமான் கடைக்காரர் கண்டு சொல்லிவிட்டார்! 1899 இல் வெளிவந்த 'பள்ளியும் சமுதாயமும்' என்னும் நூலில் டூயி இந்நிகழ்ச்சியைக் குறித்துள்ளார்.

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. பிள்ளைகளின் கையில் பஞ்சுக் காயையும் ஆட்டு மயிரையும் கொடுத்தனர். ஆட்டு மயிர் ஆடைத் தொழில் முன்னே வளரவும் பருத்தித் தொழில் பின்தங்கவும் காரணம் யாது என்பது வினா. பிள்ளைகள் அரை மணி நேரம் உட்கார்ந்து, விதையினின்று பஞ்சைக் கையால் பிரித்தார்கள். கிடைத்த பஞ்சு ஓர் அவுன்சும் இல்லை. கொட்டை நீக்கும் பொறி வருமுன் ஒரு மனிதன் நாள் முழுதும் உழைத்தாலும் எவ்வளவு பஞ்சு எடுத்திருப்பான் என்பதை அவர்களின் விரல்களே அவர்களுக்கு உணர்த்தின. விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் மணிலாக் கொட்டை உடைக்கும் வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

'நாம் சிந்திக்கும் முறை' என்னும் தம் நூலில், 1910 இல், சிந்தனையின் படிகளை டூயி வகுத்துரைத்தார். ஓர் இடர்ப்பாடு முதலில் உணரப்படுகிறது. அஃது எங்கே உள்ளது என்று வரையறுக்கப்படுகிறது. தீர்வு ஒன்று மனத்தில் தோன்றுகிறது. அத்தீர்வினால் விளைவன யாவை என்று எண்ணிப் பார்க்கிறோம். பின்பு செய்து பார்த்து ஏற்கிறோம் அல்லது தள்ளுகிறோம். மணலில் நடந்ததை மீண்டும் எண்ணிப் பாருங்கள். 'எவ்வளவு சீவுவது?' என்ற வினாவும், எட்டு என்ற முயற்சியும், ஆறு என்ற முயற்சியும், பதினேழு என்ற எண்ணும், கயிறும் இப்படிகளில் அமைவதைக் காண்பீர்கள். ஆனால் பிள்ளைகள் இப்படிகளை வரிசையாக ஏறினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். முன்னும் பின்னுமாக ஓடினார்கள்; சிலர் நடுவிலே புளியங்காய் பறிக்கச் சென்றுவிட்டார்கள். இப்படிகளையே ஐந்து மதிப்பெண் வினாவாக்கி மனப்பாடம் செய்விக்கும் பயிற்சி வகுப்புகளை நான் கண்டதுண்டு. டூயி அவற்றைக் கண்டால் என்ன நினைப்பாரோ!

அனுபவம் அனைத்தும் கல்வியாகும் என்று டூயி சொன்னதாகச் சிலர் எண்ணுகின்றனர். அஃது பிழை. தம் பெயரைச் சொல்லிக்கொண்டு பல பள்ளிகள் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு வாளா இருப்பதைக் கண்ட அவர், 1938 இல் 'அனுபவமும் கல்வியும்' என்ற சிறு நூலை எழுதினார். சில அனுபவங்கள் மேலும் வளரவிடாமல் மனிதனைத் தடுத்துவிடும் என்று அதில் எச்சரித்தார். ஓர் அனுபவம் அடுத்த அனுபவத்துக்கு வாயில் திறக்கிறதா என்பதே அவர் கொண்ட அளவுகோல். கல்தச்சரின் மகன் அறிந்திருந்த 'ஏழு' அனுபவத்தின் விளைவுதான்; ஆனால் அஃது இரண்டடிக் கல்லோடு நின்றுவிட்டது. என் மாணவர் அறிந்திருந்த '135 பாகை' ஏட்டின் விளைவு. அது தேர்வுத் தாளோடு நின்றுவிட்டது. எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், தனித்து நிற்கும்வரை இரண்டும் ஊமைகளே என்பேன்.

டூயி பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆசிரியராக விளங்கினார். 1913 முதல் 1916 வரை அங்குப் பயின்ற நம் அம்பேத்கர் அவரிடம் பாடம் கேட்டவர். டூயியின் 'குடியாட்சியும் கல்வியும்' வெளிவந்ததும் 1916 ஆம் ஆண்டே. பிறருடைய அனுபவத்தோடு நம் அனுபவம் தடையின்றிக் கலக்கும் சமுதாயமே குடியாட்சிச் சமுதாயம் என்பது அந்நூலின் உயிர்க்கருத்து. தீண்டாமைச் சுவர்கள் எழுந்த நாட்டிலிருந்து சென்ற ஒரு மாணவருக்கு அக்கருத்து வெறும் கல்விக் கொள்கையாகத் தோன்றியிருக்க இயலாது.

நம் நாட்டில் இவ்வழி வேறொரு வாயிலாக வந்தது. 1910 இல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அமைத்த தால்சுதாய் பண்ணையில் பிள்ளைகள் தோட்ட வேலையும் செருப்புத் தைத்தலும் தச்சும் செய்துகொண்டே படித்தார்கள். அங்கு வாழ்ந்தோருள் தமிழரும் இருந்தனர். காந்தியடிகள் தமக்குத் தெரிந்த சிறிதளவு தமிழையும் அவர்களுக்குக் கற்பித்தார். பின்பு 1937 ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு ஏனைப் பாடங்களைப் பின்னும் திட்டம் உருப்பெற்றது. அதனை வகுத்த குழுவின் தலைவர் சாகிர் உசேன். சேவாகிராமத்தில் அதனை நடைமுறைப்படுத்திக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஆரியநாயகம் என்னும் யாழ்ப்பாணத் தமிழர். அவர் மனைவியார் ஆசாதேவியும் உடன் உழைத்தார். சென்னை மாநிலத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவிநாசிலிங்கம், ஆதாரக் கல்வி என்னும் பெயரால் இதனை ஊக்குவித்தார். 1947 இல் திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் தோற்றுவித்த காந்திகிராமம் இவ்வழியில் எழுந்ததே.

ஆதாரக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. பல பள்ளிகளில் தக்கிளி சுழன்றது; வினா சுழலவில்லை. நூலின் எடையும் நீளமும் கணக்காகவில்லை. பருத்தி விளையும் மண் புவியியலாகவில்லை. நூற்றல் ஒரு பாடவேளையாகச் சுருங்கிற்று. தம் பிள்ளைகளைத் தொழிலிலேயே அடைத்துவைக்கும் சூழ்ச்சியோ என்று எளிய மக்கள் ஐயுற்றதிலும் நியாயம் உண்டு. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவனிடம் சென்று, 'கைத்தொழிலே சிறந்த கல்வி' என்று எழுத்தறிந்தவன் சொன்னால் அவன் வேறு எவ்வாறு எண்ணுவான்? பிற்காலத்தில், 2003 இல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் பரவியது. அட்டைகளும் படிநிலைகளும் கொண்ட அம்முறையில், ஆசிரியர் பாயில் அமர்ந்து பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்தார். அட்டை வினாவை எழுப்பிய இடத்தில் அது வென்றது. அட்டையே பாடப்புத்தகமாகிவிட்ட இடத்தில் பழைய கதையே.

மீண்டும் தளவானூர்ச் செய்திக்கு வருவோம். அடுத்த ஞாயிறன்று நான் கல்தச்சரின் வீட்டுக்குச் சென்றேன். மகனைப் பள்ளியிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் சொல்வதற்காகவே சென்றேன். வழியெல்லாம் அதற்கான சொற்களையும் அடுக்கிக்கொண்டேன். அவர் முற்றத்தில் ஓர் ஆட்டுக்கல்லைக் கொத்திக்கொண்டிருந்தார். எழுந்து வணங்கி, "வாங்க ஐயா, உட்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். நான் அடுக்கி வைத்த சொற்களுள் ஒன்றும் வாயில் வரவில்லை. இரண்டடிக் கல்லுக்கு ஏழு அங்குலம் என்று அவர் சொல்வது உண்மையா என்று மட்டும் கேட்டேன்.

"எங்க அப்பா சொல்லிக் கொடுத்தது ஐயா. அவருக்கு அவங்க அப்பா" என்றார் அவர்.

"இரண்டரை அடிக்கு?"

"அதுக்கு எட்டே முக்கால். மூணு அடிக்குப் பத்தரை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு மனசுல இருக்கு."

"ஏன் அந்தக் கணக்கு என்று தெரியுமா?"

அவர் சிரித்தார், தெரியாது என்பதை மறைக்காத சிரிப்பு அது. நான் அவர் மகனைப் பார்த்தேன். அவன் சற்று நேரம் தயங்கி, பின்பு உள்ளே சென்று நூல் கயிறு ஒன்றைக் கொண்டு வந்தான். முற்றத்து மண்ணில் சதுரம் வரைந்தான். நடுப்புள்ளி குறித்து, மூலையில் கயிற்றை ஊன்றித் திருப்பினான். தந்தையார் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து குந்தினார். மகன் கூறுவதைக் கேட்டார், ஓரிடத்தில் தடுத்து, "அந்தக் குறுக்குக் கோட்டுல பாதி ஏன் எடுக்கணும்?" என்றார். மகன் விளக்கினான், முதல்முறை குழறினான், இரண்டாம் முறை தெளிவாகச் சொன்னான். மூன்றடிக்குக் கயிறு வைத்துத் தாமே அளந்து பார்த்தார் தந்தையார். பத்தரை வந்தது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, ஆட்டுக்கல்லின் பக்கத்தில் கிடந்த வேறொரு கல்லைக் காட்டினார். அது ஒரு பக்கம் இரண்டடியும் மறு பக்கம் ஒன்றரை அடியுமாக இருந்தது.

"இது மாதிரி சதுரமில்லாத கல்லு வந்தா, எட்டுப் பட்டையும் ஒரே அளவா வருமா தம்பி? இதுக்குக் கணக்கு எங்க அப்பாவும் சொல்லல" என்று மகனிடம் கேட்டார்.

மகன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை என்றேன். மூவரும் அந்தக் கல்லைச் சுற்றிக் குந்தினோம். அவன் கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்தான்.